புலியூரா? புளியூரா?
பழைய நிலப்படங்களும் ஊர் வரலாறும்

(தமிழ்மன்றத் திங்கட்கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)



இரு தமிழர் முதன்முறை காணுங்கால் ஒருவரையொருவர் கேட்கும் முதல் வினா, "எந்த ஊர்?" என்பதே. ஊர்ப்பெயரைச் சொல்லும்போது தமிழனின் குரலில் ஒரு பெருமிதம் ஏறும். ஆனால், அப்பெயருக்குப் பொருள் யாது? அவ்வூர் ஏரிக்கு நீர் கொணரும் கால் எங்கே தொடங்குகிறது? ஊர்ப்புறத்தே ஓட்டாஞ்சில்லுகள் சிதறிக் கிடக்கும் மேட்டில் முன்பு குடியிருந்தோர் யாவர்? இவ்வாறு அடுத்தடுத்து வினவின், பெருமிதம் தணிந்து பேச்சும் நின்றுவிடும். கங்கையும் கடாரமும் கொண்ட சோழனின் வரலாற்றை ஒப்பிக்கும் மாணவன், தன் வீட்டுக் கொல்லைப்புறத்தில் ஓடும் வாய்க்காலின் பெயரை அறியான். வேந்தர் வரலாறு தெரிந்தது. வேரின் வரலாறு தெரியவில்லை.

இக்குறையைப் போக்கப் பெருஞ்செல்வம் வேண்டா. பழைய நிலப்படத் தாள் ஒன்றும், நடப்பதற்குக் கால்களும், கேட்பதற்குப் பொறுமையுள்ள காதுகளும் இருந்தாற் போதும்.

அளந்தவர் யாவர்?

பள்ளிப் பாடநூல்கள் இடவிளக்கப் படம் என்று குறிக்கும் நிலப்படம், ஆங்கிலேயர் ஆட்சியில் உருப்பெற்றது. நிலமளக்கக் கற்பிக்கும் பள்ளியொன்று 1794-இல் சென்னையில் தொடங்கப்பெற்றது. கிண்டிப் பொறியியற் கல்லூரிக்கு அதுவே வித்து. 1802-ஆம் ஆண்டு ஏப்பிரல் 10-ஆம் நாள், பரங்கிமலையருகே வில்லியம் லாம்டன் என்னும் படை அலுவலர் எஃகுச் சங்கிலி கொண்டு ஏழரை மைல் நீளமுள்ள நேர்கோடொன்றை அளக்கத் தொடங்கினார். அந்த அடிக்கோட்டின்மேல் முக்கோணங்களை அடுக்கி அடுக்கியே பின்னாளில் இமயம் வரை அளந்தனர். 1808-இல் தஞ்சைப் பெருவுடையார் கோயிற் கோபுரத்தின் உச்சிக்கு லாம்டனின் அரைடன் எடையுள்ள கோண அளவுக் கருவியை ஏற்றுகையில் கயிறு அறுந்தது. கருவி கோபுரத்தில் மோதிச் சிதைந்தது. சமவெளியில் நெடுந்தொலைவு நோக்குவதற்கு, எண்ணூறு ஆண்டுகட்கு முன் தமிழன் எழுப்பிய கோபுரத்தையே வெள்ளையன் நாட வேண்டியிருந்தது.

வரி தண்டவும் படை நடத்தவுமே அவன் அளந்தான். ஊர்மக்களின் நலம் அவன் நோக்கமன்று. அவனுக்காகச் சங்கிலி இழுத்தோரும், கொடி பிடித்தோரும், மலையேறிக் கருவி சுமந்தோரும், "இவ்வூரின் பெயர் இது" என்று சொன்னோரும் இம்மண்ணின் மக்கள். படத்தின் ஓரத்தில் அவர்தம் பெயர்கள் இல்லை. ஆயினும் என்ன? பிறன் கை எழுதியதாயினும் உண்மை உண்மையே. திருடனின் கணக்கேட்டிலிருந்தும் வீட்டுக்குரியவன் தன் பொருட்பட்டியலைத் தெரிந்துகொள்ளலாம்.

நில அளவை தமிழர்க்குப் புதியதும் அன்று. முதலாம் இராசராசன் 1001-ஆம் ஆண்டை ஒட்டி நாடு முழுதும் நிலம் அளப்பித்தான். அளந்த கோல் 'உலகளந்த கோல்' எனப்பட்டது. ஊரொன்றைக் கொடையாக அளிக்குங்கால் பெண்யானையை எல்லை சுற்றி நடத்தி, கல்லும் கள்ளியும் நட்டு, நாற்றிசை எல்லைகளையும் செப்பேட்டில் எழுதினர். எந்த வாய்க்காலுக்குத் தெற்கு, எந்த வயலுக்குக் கிழக்கு என்று அடியடியாக அவை சொல்லிச் செல்லும். திருவாலங்காட்டுச் செப்பேடும் ஆனைமங்கலச் செப்பேடும் இத்தகையன. கோட்டால் வரைந்த படம் வெள்ளையனுடையது. சொல்லால் வரைந்த படம் தமிழனுடையது. இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கும் பேறு இத்தலைமுறைக்கு வாய்த்திருக்கிறது.

தாளைப் படிக்கும் முறை

பழைய தாள் ஒரு மைல் நிலத்தை ஒரு விரலமாக (அங்குலமாக)ச் சுருக்கிக் காட்டும். பதின்கூற்று அளவை வந்தபின் எழுந்த புதிய தாள், ஒரு கிலோமீட்டரை இரண்டு செண்டிமீட்டராகக் காட்டும். நான்கு பாகை நீளமும் நான்கு பாகை அகலமும் உள்ள பெருங்கட்டத்துக்கு ஓர் எண். அதனைப் பதினாறாகப் பகுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆங்கில எழுத்து. அதனை மீண்டும் பதினாறாகப் பகுத்து ஒவ்வொரு தாளுக்கும் ஓர் எண். தமிழகத்தின் பெரும்பகுதி 57, 58 ஆகிய பெருங்கட்டங்களுக்குள் அடங்கும். மதுரை, 58-இல் 'கே' கட்டத்தின் முதல் தாளில் உள்ளது. தஞ்சை, அதே 58-இல் 'என்' கட்டத்தின் முதல் தாளில் உள்ளது. ஒரு தாள் ஏறத்தாழ 17 மைல் நீளமும் அவ்வளவே அகலமும் உள்ள நிலத்தைக் காட்டும். மாட்டுவண்டியில் ஒரு நாளில் கடக்கத்தக்க உலகம் அது. பெண் கொடுத்ததும் கொண்டதும், சந்தைக்குச் சென்றதும், திருவிழாவுக்குக் கூடியதும் பெரும்பாலும் அவ்வெல்லைக்குள்ளேயே.

பழுப்புக் கோடுகள் ஒத்த உயரத்தைக் காட்டும். நீலம் நீரைக் காட்டும். மஞ்சள் விளைநிலம்; பச்சை காடு; சிவப்புச் சிறு கட்டங்கள் குடியிருப்பு. கோயில், பள்ளிவாசல், தேவாலயம், கல்லறை, கிணறு, பனந்தோப்பு ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனிக்குறி உண்டு. பாழ்பட்ட ஊருக்கும் ஒரு குறி உண்டு. அக்குறியைக் கண்ட இடத்தில் விரல் தானே நின்றுவிட வேண்டும். வருவாய்த்துறை ஏடுகளில் அத்தகைய ஊரைப் 'பேச்சிராக்' என்பர். அது பாரசீகச் சொல். 'விளக்கில்லாதது' என்பது பொருள். தமிழன் ஊரில் விளக்கணைந்ததைக் குறிக்கவும் அயலான் சொல்லே வந்தது. கொள்ளைநோயோ, பஞ்சமோ, ஆறு தடம்மாறியதோ, வரிக்கொடுமையோ, எது அவ்விளக்கை அணைத்தது என்பதைப் படம் சொல்லாது. அதனைத் தேடுவதே ஊர் வரலாறு.

படத்தில் இருந்து மண்ணில் மறைந்தவையும் உண்டு. பவானிசாகர் அணை 1955-இல் முடிவுற்றது. அதற்கு முந்தைய தாளில் தணாயக்கன் கோட்டை நிலத்தின்மேல் நிற்கும். பிந்தைய தாளில் அவ்விடம் முழுதும் நீலம். அணைநீர் மிகவும் வற்றும் ஆண்டுகளில் மாதவப்பெருமாள் கோயில் தலைகாட்டும்போது, அக்கோட்டைக்கு வந்த வழிகள் எவையென்று சொல்வது பழைய தாளே. 1914 முதல் தனுசுக்கோடிக்குத் தொடர்வண்டி ஓடியது. 1964 டிசம்பர் 22-ஆம் நாள் நள்ளிரவுப் புயல் அவ்வூரை அழித்தது. பழைய தாளில் அத்தடம் இன்றும் கடல் நுனி வரை ஓடுகின்றது.

பெயர் போயிற்று, பின்னர் நீர் போயிற்று

பெருமக்களே! இனிச் சொல்வதே இவ்வுரையின் உயிர்ப்பகுதி.

நீரைத் தேக்கும் இடத்துக்குத் தமிழில் எத்தனை பெயர்கள்! தொண்டை நாட்டில் ஏரி, பாண்டிய நாட்டில் கண்மாய், நெல்லையிலும் கொங்கிலும் குளம், குடிநீருக்கு ஊருணி, சிறிய தேக்கத்துக்குச் செங்கற்பட்டுப் பக்கம் தாங்கல், சிவகங்கைப் பக்கம் ஏந்தல். நீர் வரும் வழி வரத்துக்கால். வெளிப்படும் வாய் மடை, மதகு, தூம்பு. மிகுநீர் வழியும் இடம் கலிங்கு, மறுகால். ஓர் ஏரியின் மிகுநீர் அடுத்த ஏரிக்கு வரவாகும். பழைய தாளில் இத்தொடர், நீல நூலில் கோத்த மணிமாலைபோல் மேட்டிலிருந்து பள்ளம் நோக்கி இறங்கக் காணலாம். பொறியாளர் பட்டம் பெறாத உழவன் செய்த பொறியியல் அது. உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் 919, 921-ஆம் ஆண்டுகளைச் சார்ந்தவை. அவற்றில் ஏரியைப் பேணுதற்கென்றே ஏரி வாரியம் இருந்தது.

இத்தனை பெயர்களையும் ஆங்கிலம் 'டேங்க்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடைத்தது. பின்னர் வந்த அலுவலக ஏடு அதனினும் சுருக்கிற்று. ஏரிக்கு ஒரு புல எண் தந்து, 'புறம்போக்கு' என்று எழுதியது. பெயர் எண்ணாயிற்று. எண் ஒருநாள் மனையாயிற்று. பெயருள்ள ஏரியை விற்பதற்கு ஊரார் அஞ்சுவர். எண்ணை விற்பதற்கு யார் அஞ்சுவர்?

சென்னையின் மாம்பலம் ஒரு காலத்தில் சிற்றூர். அதன் கிழக்கே பழைய படங்களில் நீண்டதோர் ஏரி கிடக்கும். 1920-களில் அவ்வேரியைத் தூர்த்தே தியாகராயர் நகர் எழுந்தது. மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ' என்று இன்றும் ஒரு சாலை உண்டு. ஏரி இல்லை, ஏரியின் தமிழ்ப்பெயரும் இல்லை, ஏரியைப் பார்க்கலாம் என்னும் ஆங்கிலப் பலகை மட்டும் உண்டு. 2021 நவம்பர் மழையில் தியாகராயர் நகர்த் தெருக்களில் வெள்ளம் தேங்கி நின்றபோது, வடிகால் எங்கே என்று எல்லாரும் வினவினர். அவ்விடம் முன்பு என்னவாக இருந்தது என்பதற்குப் பழைய தாள் விடை வைத்திருந்தது. மக்கள் மறந்த முகவரியை நீர் மறக்கவில்லை.

புலியா? புளியா?

ஊர்ப்பெயர்க்கு நேர்ந்த கதியும் இதுவே. வடமொழியாளர் பொருளைப் பெயர்த்தனர்: முதுகுன்றம் விருத்தாசலமாயிற்று, மறைக்காடு வேதாரணியமாயிற்று. வெள்ளையர் ஒலியைச் சிதைத்தனர்: திருநெல்வேலி 'டின்னவெல்லி' ஆயிற்று, தரங்கம்பாடி 'டிரான்க்யுபார்' ஆயிற்று. மாயூரம் 1982-இல் மயிலாடுதுறை என்னும் பழம்பெயரை மீளப் பெற்றது. பேரூர்களின் பெயர்களுக்கு வாதாடத் தமிழறிஞர் உளர். பதினைந்து வீடும் ஒரு வேம்பும் உள்ள சிற்றூருக்கு வாதாட யார் உளர்?

பழைய படத்தில் ஆங்கில எழுத்தில் ஓர் ஊர்ப்பெயரைப் படிக்கிறீர்கள். அது புலியூரா, புளியூரா? அவ்வெழுத்துக்கு லகரமும் ளகரமும் ஒன்றே. கல்லூரா, கள்ளூரா? கரையா, கறையா? குளமா, குலமா? ஆங்கில எழுத்து இவ்வேறுபாட்டை அறியாது. புலி திரிந்த காடு என்பதும் புளி நிழல் தந்த தோப்பு என்பதும் இருவேறு வரலாறுகள். அரைப்புள்ளியளவு ஒலி வேறுபாட்டில் ஓர் ஊரின் பிறப்பே மாறிவிடுகின்றது. அகராதியைப் புரட்டி இதற்கு விடை காண முடியாது. அவ்வூருக்குச் செல்ல வேண்டும். திண்ணையில் இருக்கும் மூதாட்டியிடம், "பாட்டி, இவ்வூர்ப் பெயரை ஒருமுறை சொல்லுங்கள்" என்று பணிந்து கேட்க வேண்டும். எழுத்தறியாத அம்மூதாட்டியின் நாவு, லாம்டனின் கருவி அளக்க முடியாததை அளந்து கொடுக்கும்.

2020 சூன் திங்களில் தமிழக அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துருவைத் தமிழ் ஒலிப்புக்கேற்ப மாற்றி ஆணை வெளியிட்டது. நோக்கம் நன்று. ஆனால், வேலூர் முதலிய பெயர்கள் எழுதப்பட்டிருந்த முறை நகைப்புக்கு இடமாயிற்று. சில நாள்களிலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது. தமிழ்ப்பற்று மட்டும் போதாது. பற்றோடு பணியும் வேண்டும் என்பதே அது கற்பித்த பாடம்.

சான்று மூன்று

ஒரு சான்றை மட்டும் நம்புவோன் ஏமாறுவான். படம் பிழைபடும்; அளந்தவன் அயலான். வாய்மொழியும் பிழைபடும், ழகரத்தைத் தென்மாவட்டங்களில் ளகரமாகவும் சென்னைப் பக்கம் யகரமாகவும் ஒலிக்கும் வழக்கு உண்டு. ஆகவே, மூன்றாம் சான்றாகக் கல்வெட்டை நாட வேண்டும். படம் இடத்தைக் காட்டும். வாய்மொழி ஒலியைக் காட்டும். கல்வெட்டு காலத்தைக் காட்டும். மூன்றும் ஒருமுகமாய்ச் சொன்னால் எழுதுக. இரண்டு ஒத்து ஒன்று மாறுபட்டால், மாறுபாட்டையும் சேர்த்தே எழுதுக.

எடுத்துக்காட்டொன்று: தகடூர்ப் பகுதியில், இன்றைய தருமபுரி மாவட்டத்தில், 'அதியமான் பெருவழி' என்று பொறித்த காதக்கற்கள் கிடைத்துள்ளன. எழுத்தறியாத வழிப்போக்கனும் தொலைவை அறியும்படி, பெருங்குழி பத்தையும் சிறுகுழி ஒன்றையும் குறிக்குமாறு அவற்றில் குழிகள் செதுக்கியிருக்கின்றனர். அத்தகைய கல் நின்ற இடத்தைப் பழைய தாளில் குறித்துக்கொண்டு, அதன் இருபுறமும் செல்லும் வண்டித்தடங்களைத் தொடர்ந்து பாருங்கள். தார்ச்சாலைகள் மறைத்த பெருவழி, மெல்லிய கோடாக அங்கே உயிரோடிருக்கக் கூடும். தெற்கே மங்கம்மாள் சாலை என்று ஊரார் இன்றும் சொல்லும் தடங்களை இவ்வாறே தாளில் கோத்துப் பார்க்கலாம்.

கசக்கும் உண்மைகள்

இரண்டு எச்சரிக்கைகள் சொல்லாமல் இவ்வுரை நிறைவுறாது.

முதலாவது: தமிழ்ப்பற்றின் பெயரால் பொய் புனைதல் கூடாது. வடசொல் தோன்றும் ஊர்ப்பெயரையெல்லாம் மனம்போனவாறு தமிழாக்கி, "இதுவே பழம்பெயர்" என்று முழங்குவது, முதுகுன்றத்தை விருத்தாசலமாக்கியவன் செய்த வேலையையே மறுபடியும் செய்வதாகும். பழம்பெயர்க்குச் சான்றிருப்பின் மீட்க. சான்றில்லையேல் இருக்கும் பெயரை உள்ளவாறே எழுதி, தேடலைத் தொடர்க. பொய்யின்மேல் எழுப்பிய பெருமையைப் பகைவன் ஒரே கல்வெட்டால் இடித்துவிடுவான்.

இரண்டாவது: படம் தமிழனின் பெருமையை மட்டும் காட்டாது, அவன் இழிவையும் காட்டும். ஊர் ஒருபுறம்; வயல் கடந்து தனியே இன்னொரு குடியிருப்பு. அதற்குத் தனிக்கிணறு, தனிச்சுடுகாடு. ஊர்த்தெருவைத் தொடாமல் சுற்றிச்செல்லும் தனி ஒற்றையடித் தடம். சேரி என்னும் சொல் முன்னாளில் மக்கள் சேர்ந்து வாழும் இடத்தையே குறித்தது. புதுச்சேரி, வேளச்சேரி என்னும் பெயர்கள் இன்றும் அதற்குச் சான்று. சோழர் காலத்தில் பார்ப்பனர் குடியிருப்பும் சேரி எனப்பட்டது. அச்சொல்லை ஒரு சாராரின் தலையில் மட்டும் சுமத்தி இழிவாக்கியது சாதி. ஊர் வரலாறு எழுதப் புகுவோர் ஊர்த்தெருவில் மட்டும் கேட்டுத் திரும்பின், பாதி வரலாறே கிடைக்கும். மடை திறந்து நீர் பாய்ச்சியவனும், ஏரிக்கு மண் சுமந்தவனும், எல்லைக்கல் அறிந்தவனும் பெரிதும் அப்பாலுள்ள குடியிருப்பில் இருந்தவன். வாய்க்காலின் பெயரை அவனே அறிவான். அவன் வாசலுக்குச் செல்லக் கூசும் கால்கள் தமிழர் வரலாற்றை நோக்கி நடக்க மாட்டா.

செய்யத்தக்கன

நெடுங்காலம் கடற்கரையையும் நாட்டெல்லையையும் ஒட்டிய பகுதிகளின் தாள்கள் பொதுமக்கள் கைக்கு எட்டாதனவாக இருந்தன. தன் ஊரின் படம் தனக்கே மறைபொருளாயிருந்தது. 2005-ஆம் ஆண்டின் வரைபடக் கொள்கை பொதுமக்களுக்கெனத் திறந்த வரிசைத் தாள்களை ஏற்படுத்தியது; 2021-இல் கட்டுகள் மேலும் தளர்ந்தன. 1950-களில் அமெரிக்கப் படைத்துறை அச்சிட்ட, இரண்டரை இலக்கத்தில் ஒரு பங்கு அளவுள்ள தாள்களைத் தெக்சாசுப் பல்கலைக்கழக நூலகம் இணையத்தில் எல்லார்க்கும் திறந்து வைத்துள்ளது. கிடைக்கவில்லை என்று சொல்லும் காலம் கடந்துவிட்டது.

ஒவ்வொரு மன்றமும் ஒரு தாளை ஏற்றுக்கொள்க. பழைய தாளையும் புதிய தாளையும் அருகருகே வைக்குங்கால், இரண்டின் அளவும் வேறு என்பதை மறவாது, இடம்பெயராத இரு புள்ளிகளை முதலில் பொருத்துக: ஒரு கோயிற்கோபுரம், ஒரு மலையுச்சி அளவைக்கல். பின்னர், பழையதில் இருந்து புதியதில் இல்லாத நீர்நிலை ஒவ்வொன்றையும் கரிக்கோலால் வட்டமிடுக. அவ்விடத்துக்கு நேரிற் செல்க. எழுபது அகவை கடந்தோரிடம் பெயரைக் கேட்டு, சொன்ன ஒலி மாறாமல் தமிழில் எழுதுக. கரை, மடை, கலிங்கு, வரத்துக்கால் ஒவ்வொன்றின் பெயரையும் குறிக்க. சிற்றூர் ஆட்சி அலுவலரிடமுள்ள 'அ' பதிவேட்டோடும் புலப்படத்தோடும் ஒத்துப் பார்க்க. எழுதியதை ஊர்ப் பள்ளியில் ஒரு படி வைக்க. ஊராட்சியில் ஒரு படி தருக. ஏரியை மனையாக்க நாளை ஒருவன் வருவானாயின், அவன் முன் நிற்கப்போகும் முதல் ஆவணம் அதுவாகும்.

காலம் சுருங்கிக்கொண்டிருக்கிறது. படம் தாளில் இருக்கும்; கல்வெட்டு கல்லில் இருக்கும்; இரண்டும் சற்றே காத்திருக்கும். ஆனால் அது புலியா புளியா என்று சொல்லத்தக்க நாவு காத்திராது. திண்ணையில் இருக்கும் அம்மூதாட்டி கண்மூடும் நாளில் ஒரு சொல்லும் உடன் மறையும். அச்சொல்லோடு ஒரு வாய்க்காலும் மறையும்.

ஆகவே தோழர்களே, அடுத்த கூட்டத்துக்கு வருமுன் ஒவ்வொருவரும் தம் ஊரின் ஒரே ஒரு வாய்க்காலின் பெயரையாவது கேட்டு எழுதி வருக! தாள் பிறன் வரைந்தது, ஊர் தமிழனுடையது. அத்தாளில் தமிழ்ப்பெயரை எழுத வேண்டிய கையும் தமிழனுடையதே.

வாழ்க தமிழ்! வளர்க தமிழர் ஊர்!